தொட்டியில் படுத்துக் கிடந்தவை

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் லென்ஸக்கா என்றுதான் கூப்பிடுவோம். கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு, அதில் சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய ஒரு லென்ஸ். சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார். நான் கொசு ஒழிப்புப் பிரிவில் ஜீப் ஓட்டுகிறவன். ஜீப்பை நிறுத்தியதும் ஏணி பிடிக்கிறவனும் நான்தான். பதினான்கு வருஷம் அவருக்கு ஏணி பிடித்திருக்கிறேன். ஒருவரை அத்தனை வருஷம் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் முகத்தைவிடப் பாதம்தான் அதிகம் பழகும். அக்காவுக்கு அன்றைக்கு மனசு சரியில்லை என்பதை நான் அவர் குதிகாலை வைத்தே சொல்லிவிடுவேன்.

வேலையில் அவர் கெட்டிக்காரர். கண்ணாடிக் குழாய்க்குள் இருபது கொசு பிடித்துக் கொடுத்தால், டீ ஆறுவதற்குள் இன்னது இத்தனை என்று பிரித்து எழுதிவிடுவார். தப்பு வந்ததே கிடையாது. தப்பு வந்ததே கிடையாது என்பது அவருக்கும் தெரியும். அந்தப் பெருமை கொஞ்சம் உண்டு. மேலதிகாரியே ஏதாவது சந்தேகம் கேட்டால், "நான் பார்த்தாச்சு சார்" என்பார். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

எங்கள் பக்கத்தில் மலேரியா என்றால் ஊருக்கு வெளியே இருக்கும் சதுப்பு நிலம். அதுவும் மழைக்காலத்தில்தான். நகரத்துக்குள் மலேரியாக் கொசு கிடையாது, வெயில் காலத்தில் எங்குமே கிடையாது. வேலைக்குச் சேருகிற அன்றைக்கே இதைச் சொல்லிவிடுவார்கள். டாக்டர்களும் இதைத்தான் படித்தார்கள். வெயில் காலத்தில் நாங்கள் சாக்கடைக் கொசுவுக்கு மருந்து அடித்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டிக்கொண்டு இருப்போம்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவரோடு அவர் தங்கை இருந்தாள். புருஷனோடு ஒத்துவராமல், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். அந்தக் குழந்தை வளர்ந்து இப்போது ஒரு செருப்புக் கடையில் வேலை பார்க்கிறாள். இரண்டு அறை வீடு. முன்னறை முழுக்கத் தங்கையின் தையல்தான். மிதி மிஷின், வெட்டுப் பலகை, சுவர் நெடுகக் கம்பி கட்டி அதில் பாதி தைத்த துணிகள் தொங்கும். கையில்லாத சட்டை, கழுத்தில்லாத கவுன், ஓரம் அடிக்காத பாவாடை. சாயங்காலம் நான் அக்காவை இறக்கிவிடப் போகும்போது, வாசலிலிருந்து பார்த்தால் யார் யாரோ வரிசையில் நிற்கிற மாதிரியே இருக்கும்.

தங்கை வாயாடி. "டிரைவர் அண்ணே, எங்க அக்கா ஊர்க் கொசுவையெல்லாம் எண்ணிட்டு வந்து வீட்டுல என்னைக் கடிக்கிறா. இதுக்கு மருந்து இருக்கா உங்க ஜீப்புல?" என்பாள். அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வாயைத் தைக்க ஒரு மிஷின் இருந்தா வாங்கித் தரலாம்" என்பார். இதுதான் அந்த வீட்டில் பாசம்.

அந்த வருஷம் வெயில் மண்டையைப் பிளந்தது. குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வரும். ஆளாளுக்குத் தொட்டியிலும் டிரம்மிலும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அக்கா வீட்டில் குளியலறைக்கு மேலே ஒரு சிமெண்டுத் தொட்டி. மூடி பாதி உடைந்தது.

ஒரு நாள் காலையில் அக்காவை அழைத்துப் போக வந்தேன். தங்கை வாசலில் நின்றாள். கையில் மிஷின் ஊசி வாங்கும்போது வருகிற தட்டையான பிளாஸ்டிக் டப்பா.

"அக்கா, நில்லு. நம்ம தொட்டியில புழு இருக்கு."

"வெயில் காலம். மூடி உடைஞ்சிருக்கு. இருக்கத்தான் செய்யும். தண்ணிய வடிச்சு ஊத்து."

"இது தொங்கலைக்கா. நீதானே சொல்வே, சாக்கடைப் புழு தலைகீழாத் தொங்கும்னு. இது தண்ணிக்கு மேலயே படுத்துக் கிடக்கு. குச்சி போட்ட மாதிரி. முன்னறைச் சுவத்துல ஒரு கொசுவும் பார்த்தேன். பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டு, தலையால முட்டுற மாதிரி நிக்குது. அடிச்சா நசுங்கிடும்னு டம்ளரைப் போட்டுக் கவுத்துப் பிடிச்சேன். இந்தா."

தண்ணீரில் படுத்துக் கிடக்கும் புழு என்றால் மலேரியாக் கொசுவின் புழு. பிரிவின் டிரைவருக்குத் தெரிந்த விஷயம் அக்காவுக்குத் தெரியாதா? ஆனால் அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மாதாந்தரக் கூட்டம். டப்பாவை வாங்கிக் கைப்பைக்குள் போட்டார். "ஊருக்குள்ள அது வராதுடி. உன் கண்ணுக்கு எல்லாமே படுத்துத்தான் கிடக்கும், நீ தூங்குமூஞ்சி" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அலுவலகத்துக்கு வந்ததும் டப்பாவை மேஜையின் மூன்றாவது இழுப்பறையில் போட்டதை நான் பார்த்தேன்.

அதிலிருந்து மூன்றாவது வாரம் தங்கை படுத்தாள். குளிர் நடுக்கம், அப்புறம் அனலாய்க் காய்ச்சல், அப்புறம் உடம்பெல்லாம் வேர்த்து விட்டுவிடும். எழுந்து உட்கார்ந்து துணி வெட்டுவாள். மறுபடி நடுக்கம். நான்காம் நாள் கண் மஞ்சளாகி, பேச்சு குழறியது. நான்தான் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பின்சீட்டில் அக்கா தங்கையின் தலையை மடியில் வைத்திருந்தார்.

டாக்டர் இளவயதுப் பெண்மணி. வேலையில் சுத்தமானவர். என்னென்னவோ சோதனைக்கு எழுதினார். எழுதிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"இவங்க சமீபத்துல சதுப்புப் பக்கம் எங்கயாவது போனாங்களா?"

"இல்ல" என்றார் அக்கா.

"வெளியூர்?"

"இல்ல. வீட்டை விட்டே போகலை."

"அப்ப மலேரியாவா இருக்க வாய்ப்பில்லை. இந்த மாசத்துல, ஊருக்குள்ள... நீங்க அந்தப் பிரிவுலதானே இருக்கீங்க?"

அக்கா தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆமாம், அந்தப் பிரிவில்தான் இருக்கிறேன் என்பதற்கான தலையாட்டல். ஆமாம், வாய்ப்பில்லை என்பதற்கும் அதுதான் தலையாட்டல். டாக்டர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

ஆறாம் நாள் மதியம் தங்கை செத்துப்போனாள். காரணம் தெரியாத காய்ச்சல் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

பத்து நாளில் அக்கா வேலைக்கு வந்தார். ஒன்றுமே நடக்காத மாதிரி குழாய்களைத் திறந்து கொசுக்களைப் பிரித்தார். ஆனால் டீ ஆறிப்போகும். ஒவ்வொரு கொசுவையும் இரண்டு முறை பார்ப்பார், மூன்று முறை பார்ப்பார். முன்பு பத்து நிமிஷத்தில் முடிந்த வேலை முழுக் காலையை இழுத்தது. ஏணியில் ஏறினால் தொட்டி மூடியைத் திறந்துவிட்டு, உள்ளே பார்க்காமல் கொஞ்ச நேரம் நிற்பார். கீழேயிருக்கும் எனக்கு அவர் குதிகால் மட்டும் நடுங்குவது தெரியும்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

தொட்டிக்குள் குனிந்தால் நம் மூச்சே நமக்குத் திரும்பிக் கேட்கும். அதுதான் என்று நான் சமாதானம் செய்துகொண்டேன். ஒருமுறை தெளிவாகவே கேட்டது. அவர் தொட்டிக்குள் தலையை விட்டு, மெதுவாக, "தொங்குதுடி. எல்லாம் தொங்குது, பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் கம்பியில் தொங்கிய துணிகளை யாரும் எடுக்கவில்லை. வாடிக்கைக்காரர்கள் வந்து தயங்கித் தயங்கி நின்று, தத்தம் துணியைப் பாதித் தையலோடு வாங்கிப் போனார்கள். கடைசியில் ஒரே ஒரு கவுன் மிஞ்சியது. பழுப்பு நிறம், இடது கை மட்டும் வைத்துத் தைத்தது. அளவு நோட்டில் தேடியும் யாருடையது என்று தெரியவில்லை. தங்கை மகள் அதை மடித்து வைக்கலாம் என்றபோது, "தேடி வருவாங்க, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாராம் அக்கா. மின்விசிறி சுற்றும்போது அந்த ஒற்றைக் கை ஆடும். அந்தப் பெண் அந்த அறையில் படுப்பதை நிறுத்திவிட்டாள்.

அந்த டப்பா மட்டும் இழுப்பறையிலேயே இருந்தது. நடுவில் எங்கள் அலுவலகத்தை மாடிக்கு மாற்றினார்கள். மேஜைகளை நாங்கள் நாலு பேர் தூக்கினோம். அக்கா அந்த டப்பாவை மட்டும் கைக்குட்டையில் சுற்றித் தன் கையிலேயே எடுத்துக்கொண்டு படியேறினார். திறக்கவில்லை. புது மேஜையிலும் மூன்றாவது இழுப்பறையிலேயே வைத்தார். நான் கேட்டிருக்கலாம். கேட்க எனக்கும் தைரியம் இல்லை. அன்று காலையில் நானும்தானே சிரித்தேன்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. அப்புறம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கடலுக்கு அந்தப் பக்கத்துத் துறைமுகம் ஒன்றில் புது மலேரியாக் கொசு நுழைந்திருக்கிறது. இது சதுப்பு தேடாது. நகரத்துக்குள், சுத்தமான தண்ணீரில், வீட்டுத் தொட்டியிலும் கட்டடம் கட்டும் இடத்துக் குழியிலும் முட்டையிடும். மழை வேண்டாம், வெயில் காலத்திலும் இருக்கும். பழைய கொசுவென்று தவறாக எண்ணிவிடச் சாத்தியம் உண்டு. எல்லாப் பிரிவும் தேடிப் பார்க்கவும்.

அதை அக்கா நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்து, இரண்டாக மடித்து, நான்காக மடித்து, விரல் அளவுக்கு ஆகும்வரை மடித்துக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு வெறி பிடித்தது. வேலை நாள் போதாமல் ஞாயிற்றுக்கிழமையும் ஏணியோடு வரச் சொன்னார். தெருத் தெருவாக, வீடு வீடாக, நீளக் கைப்பிடி போட்ட கரண்டியால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு பார்த்தோம். பள்ளிக்கூடம், சலவைக்கடை, மரக்கடை, போலீஸ் குடியிருப்பு. ஒரு வீட்டுக்காரர், "போன வாரம்தானே வந்தீங்க, எங்க தொட்டியில அப்படி என்ன புதையலா இருக்கு?" என்று கத்தினார். அக்கா ஏணியில் ஏறினார்.

ஒவ்வொரு தொட்டியிலும் ஒன்றும் இல்லை என்று தெரியும்போது அவர் முகம் தெளியும். முதலில் எனக்குப் புரியவில்லை. தேடுகிறவர் கிடைக்காததற்கு ஏன் ஆறுதல் அடைய வேண்டும்? பிறகுதான் உறைத்தது. இந்த ஊரில் அந்தக் கொசு இல்லவே இல்லை என்று ஆகிவிட்டால், அன்று அவர் தலையாட்டியதும் சரியாகிவிடும்.

அவர் வீட்டுத் தெருவுக்கு மட்டும் நாங்கள் போகவில்லை.

பதினோராம் நாள், புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஆறு மாடிக் கட்டடம். தரைத்தளத்தில், செங்கல் நனைக்கத் தண்ணீர் தேக்கிய குழி. ஏணிகூடத் தேவைப்படவில்லை. அக்கா குனிந்து ஒரு கரண்டி மொண்டார். வெள்ளைக் கரண்டியில் தண்ணீர் அலையடங்கும் வரை காத்திருந்தார். அலை அடங்கியது. ஏழு புழுக்கள். ஏழும் தண்ணீரின் மேல்தோலில் ஒட்டியது போல, நேராக, அசையாமல் படுத்துக் கிடந்தன.

அவர் அப்படியே மணல் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். கரண்டியைச் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"வண்டிய எடு" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

புழுக்களை ஜாடியில் வளர்த்தார். வலை கட்டி, வேளாவேளைக்கு இரை போட்டு, பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். ஒரு வாரத்தில் கொசுவாயின. மைக்ராஸ்கோப்பில் எனக்கும் காட்டினார். கொசுவின் குத்தும் ஊசிக்கு இரு பக்கமும் மீசை போல இரண்டு தண்டு இருக்கும். எங்கள் சதுப்புக் கொசுவுக்கு அது கறுத்து வழவழப்பாக, மெல்லிய வளையங்களோடு இருக்கும். இதில் உப்பைத் தூவிய மாதிரி புள்ளிகள். நுனியில் அகலமாக இரண்டு வெள்ளை வளையம். காலிலும் அதே தூவல்.

மேலதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. நாட்டிலேயே முதன்முதலாக நம் பிரிவு கண்டுபிடித்திருக்கிறது, பாராட்டுக் கடிதம் வரும், பத்திரிகையில்கூட வரலாம் என்று குதித்தார். அறிக்கையைத் தானே உட்கார்ந்து எழுதினார். முதலில் கண்ட தேதி என்ற கட்டத்தில் போன வாரத்துத் தேதியைப் போட்டார்.

"அந்தக் கட்டத்தை மட்டும் விட்டு வைங்க சார்" என்றார் அக்கா.

தன் மேஜைக்கு வந்தார். மூன்றாவது இழுப்பறையைத் திறந்தார். "நீ இங்கயே நில்லு" என்று என்னிடம் சொன்னார். டப்பாவின் மூடி இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெம்பித் திறந்தார். உள்ளே பஞ்சு, பஞ்சின் மேல் கொசு. கால் இரண்டு உதிர்ந்திருந்தது, மற்றபடி காய்ந்து முழுசாக இருந்தது. மூடியின் உட்பக்கம் அளவெடுக்கும் நோட்டிலிருந்து கிழித்த துண்டுத்தாள். தங்கையின் கோணல் எழுத்தில் தேதி. அதன் கீழே, "முன்னறைச் சுவர். அக்காவுக்கு."

அதைக் கண்ணாடித் தட்டில் வைத்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் தள்ளினார். கண்ணை வைத்தார். எத்தனை நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. வெளியே யாரோ டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள், நின்றார்கள், மறுபடி அடித்தார்கள். அக்கா கண்ணை எடுக்கவில்லை. கண்ணீர் மூக்கோரமாக இறங்கி மைக்ராஸ்கோப்பின் மேல் சொட்டியது. அதை விரலால் துடைத்துவிட்டு, "நீ பாரு" என்றார்.

நான் பார்த்தேன். உப்புத் தூவல். இரண்டு அகல வளையம்.

மேலதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். ஆனாலும் எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"ஊசி டப்பாவுல ஒரு செத்த கொசு. முறையாப் பிடிச்சதில்லை, முறையாப் பதிஞ்சதில்லை. இதை வச்சு ரெண்டு வருஷம் பின்னாடி போகச் சொல்றீங்களா? ரெண்டு வருஷமா நாம தூங்கிட்டு இருந்தோம்னு நாமளே எழுதிக் கொடுக்கணுமா?"

"தூங்கினது நான் மட்டும்தான் சார். அதையும் எழுதியே தர்றேன்."

"உங்க தங்கச்சிக்கு வந்தது மலேரியாதான்னு உங்ககிட்ட ஆதாரம் இருக்கா?"

"இல்ல. ரத்தம் எடுத்துப் பார்க்கவே இல்லையே. இனிமே தெரியவும் தெரியாது."

"அப்புறம் என்ன?"

"அவளுக்கு என்ன காய்ச்சல்னு ஆதாரம் இல்ல. கொசு எப்ப வந்துச்சுன்னு ஆதாரம் இருக்கு. ரெண்டு வருஷம் இந்த ஊர் டாக்டருங்க வெயில் காலத்துல மலேரியா பார்க்கவே இல்ல. அந்தக் காலத்துல யார் யார் போனாங்கன்னு தேடணும்னா சரியான தேதி வேணும் சார்."

ஒரு வாரம் இழுபறி. கடைசியில் அக்கா டப்பாவை நேராகத் தலைமை அலுவலகத்துக்கே எடுத்துப் போனார். அங்கே அதைப் பார்த்தார்கள், உறுதி செய்தார்கள், தேதியைத் திருத்தினார்கள். சேகரித்தவர் என்ற இடத்தில் தங்கையின் பெயர் ஏறியது. தொழில்: தையல். பாராட்டுக் கடிதம் வரவில்லை. விளக்கம் கேட்டு வேறொரு கடிதம் வந்தது. அக்கா அதற்கும் ஒளிவுமறைவு இல்லாமல் பதில் எழுதினார்.

அதைவிடக் கஷ்டமானது ஒன்று பாக்கி இருந்தது. ஒரு சாயங்காலம் ஜீப்பில் ஏறியவர், "நீயும் வீட்டுக்குள்ள வா. நான் பாதியில நிறுத்திட்டேன்னா மிச்சத்தை நீ சொல்லணும்" என்றார்.

மகள் கடையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா அவளை உட்கார வைத்து, அம்மா டப்பாவைக் கொடுத்ததிலிருந்து ஆரம்பித்தார். தலையாட்டிய இடம் வந்ததும் நின்றுவிட்டார். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. நான்தான் சொன்னேன். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அங்கே அந்த ஒற்றைக் கை கவுன்.

பெண் அழவில்லை. "அந்தத் தொட்டிய அப்புறம் யார் கழுவினது?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றார் அக்கா. "அவ ஆஸ்பத்திரியில இருந்தப்ப. வடிச்சு, தேய்ச்சு, மூடி போட்டேன்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, பெரியம்மா."

மனசுக்குள் தெரிந்தது, ஒப்புக்கொள்ளத்தான் முடியவில்லை என்று எல்லாம் அக்கா விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் அந்தப் பெண் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றுக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவாள், பெரியம்மாவின் துணியைத் துவைத்துக் காயப்போடுவாள், சேர்ந்து சாப்பிடுவாள், நாலு மணிக்குக் கிளம்பிவிடுவாள். ஒரு ஞாயிறு தையல் மிஷினையும் எடுத்துப் போனாள். நான்தான் ஜீப்பில் ஏற்றினேன்.

தேதி திருத்தியதால் நடந்தது இது. ஆஸ்பத்திரிகளில் இரண்டு வருஷத்துச் சீட்டுகளைப் புரட்டினார்கள். வெயில் காலத்தில், காரணம் தெரியாத காய்ச்சல் என்று எழுதி முடித்த சாவுகள் பத்தொன்பது. எத்தனை மலேரியா, எத்தனை வேறு, யாராலும் சொல்ல முடியாது. எந்த மாதமானாலும் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் ரத்தம் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போனது. உத்தரவு போன முதல் மாதத்திலேயே நாலு பேருக்கு மலேரியா இருப்பது தெரிந்து, நாலு பேரும் மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்தார்கள்.

அக்கா பிழைத்த நாலு பேரைப் பற்றிப் பேசுவதில்லை. பத்தொன்பது விலாசத்தையும் எழுதி வைத்துக்கொண்டு அந்த வீடுகளின் தொட்டியைப் பார்க்கப் போனார். ஒரு வீட்டில் மகனைப் பறிகொடுத்த தாய் எங்களுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "இப்பவாவது வந்து பார்க்குறீங்களே, நல்லா இருப்பீங்க" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பார். ஜீப்புக்கு வந்ததும் அவர் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஒருநாள் அந்த டாக்டரே அலுவலகத்துக்கு வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அன்னைக்கு நீங்க தலையாட்டலைன்னாலும் நான் அந்தச் சோதனையை எழுதியிருக்க மாட்டேன். இதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

"எழுதியிருப்பீங்க" என்றார் அக்கா. "பேனாவை நிறுத்தினீங்க. நான் பார்த்தேன்."

டாக்டர் மேஜை மேல் ஒரு பாக்கெட் ரத்தச் சோதனைக் கண்ணாடித் தட்டுகளை வைத்துவிட்டுப் போனார். எதற்காக வைத்தார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

அக்கா ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார். யார் எந்தப் பூச்சியை எதில் போட்டுக் கொண்டுவந்தாலும் அவர்கள் கண்ணெதிரே, அப்போதே பார்ப்பார். இது தெரிந்ததும் ஜனங்கள் மூட்டைப்பூச்சி, கரப்பான், ஈசல், அந்துப்பூச்சி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் தன் மாமியார் தலையிலிருந்து எடுத்த பேனைக் கொண்டுவந்து, "இந்தப் பேன் வெளிநாட்டுச் சரக்கான்னு பாருங்க, ரொம்பக் கடிக்குதாம்" என்றார். நாங்கள் சிரித்தோம். அக்கா அந்தப் பேனையும் லென்ஸ் வைத்துப் பார்த்து, "உள்ளூர்தான்" என்று எழுதிக் கொடுத்தார்.

போன வருஷம் வெயில் காலத்தில் உள்நாட்டு நகரம் ஒன்றிலிருந்து போன் வந்தது. கடலோரத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து ஒரு முழுநாள் பயணம். எங்கள் கொசு அவ்வளவு தூரம் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. அக்காவும் நானும் ஜீப்பில் கிளம்பிப் போனோம். அந்த ஊர்ப் பூச்சிப் பிரிவுக்காரர், ஐம்பது வயது மனிதர், ஜாடியில் புழுக்களோடு காத்திருந்தார். படுத்துக் கிடந்தன. அக்கா ஜாடியை ஒரு பார்வைதான் பார்த்தார். லென்ஸைத் தொடவில்லை.

"இதுக்கு முன்னாடி யாராவது வந்து சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"எதை மேடம்?"

"இங்க புதுசா ஒரு கொசு இருக்குன்னு. தொட்டியில புழு வேற மாதிரி இருக்குன்னு. யாராவது."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது போதுமான பின்னும் துடைத்துக்கொண்டிருந்தார். "லாரி ஷெட் வாட்ச்மேன் ஒருத்தர்... போன வருஷம்... பாட்டில்ல எதையோ எடுத்துட்டு வந்தார். நாங்க வேற வேலையில இருந்தோம்."

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டார். "அவர் உயிரோட இருக்காரா?"

"தெரியலை மேடம்."

பூச்சிப் பிரிவுக்காரரையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பை நான் ஓட்டிய வேகத்துக்கு வேறு நாளாக இருந்தால் அக்கா என்னைத் திட்டியிருப்பார். லாரி ஷெட்டின் கேட் பூட்டிக் கிடந்தது. அக்கா இறங்கிப் போய்க் கேட்டை உலுக்கினார். பதில் இல்லை. இரும்புத் தகட்டைக் கையால் அடித்தார். திரும்பத் திரும்ப அடித்தார். உள்ளே தூரத்தில் ஒரு கயிற்றுக் கட்டில், காலி. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பின்பக்கத்திலிருந்து வாளியோடு ஒரு வயதான ஆள் வந்தார். நெஞ்செலும்பு தெரியும் உடம்பு, நல்ல உரத்த குரல். "கேட்டை உடைச்சிடாதீங்க! யார் நீங்க?"

அக்கா தான் யார் என்று சொன்னார்.

அவ்வளவுதான், மனிதர் பிடித்துக்கொண்டார். "ஓ, இப்பத்தான் வர்றீங்களா? போன வருஷம் நான் பாட்டிலைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்தேன். உட்காருன்னு சொல்ல ஆள் இல்ல. வேலை இருக்கு, போய்ட்டு வாய்யான்னு அனுப்பிட்டீங்க. நான் என்ன பொழுதுபோகாமலா வந்தேன்? படிச்சவங்களுக்கு மட்டும்தான் கண்ணா? எனக்கு ரெண்டு தடவை காய்ச்சல் வந்து செத்துப் பொழைச்சேன் தெரியுமா?"

பூச்சிப் பிரிவுக்காரர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். அக்கா கையைக் காட்டித் தடுத்தார். கேட்டின் இந்தப் பக்கம், வெயிலில், தலை குனியாமல், அந்த மனிதர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மூச்சு வாங்கி நிறுத்தியதும், "இன்னும் சொல்லுங்க ஐயா" என்றார்.

வாட்ச்மேன் ஒரு கணம் திகைத்துப்போய்ப் பார்த்தார். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.